741-லிருந்து 722: சின்ன டிஸ்ட்ரிக்டில் மகளின் வாசிப்புக்கு உதவி கேட்டது

நியூ ஜெர்சியில் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுகள், அதாவது ஊர்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாக அமைப்புகள், ஏறக்குறைய 600 உண்டு. எடிசன் மாதிரி ஊரில் டிஸ்ட்ரிக்ட் என்றால் பத்துப் பள்ளிக்கு மேல் இருக்கும். எங்கள் ஊரில் கிண்டர்கார்டன் முதல் எட்டாவது வரை எல்லாமே ஒரே கட்டடம். ஒன்பதாவதிலிருந்து பிள்ளைகள் பக்கத்து ஊர்களோடு சேர்ந்த ரீஜனல் ஹைஸ்கூலுக்குப் போய்விடுவார்கள். வருஷா வருஷம் தேர்வு முடிவுகள் வரும்போது நம் தமிழ் வாட்ஸாப் குழுக்களில் மதிப்பெண்ணைப் பற்றித்தான் பேச்சு ஓடுகிறது. அதை வைத்துக்கொண்டு பள்ளியிடம் என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம் என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை. நாங்கள் அந்த வழியில் போய் வந்திருக்கிறோம். இனி போகிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

2024 வசந்தத்தில் எங்கள் மகள் நான்காம் வகுப்புக்கான மாநிலத் தேர்வை, அதாவது என்.ஜே.எஸ்.எல்.ஏ.வை எழுதினாள். ஆங்கிலமும் கணிதமும் மூன்றாவதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் உண்டு. அறிவியல் 5, 8, 11-ஆம் வகுப்புகளில். ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் அப்போது மதிப்பெண் 650-இல் தொடங்கி 850 வரை போனது. 750 எடுத்தால் நான்காம் நிலை, அந்த வகுப்புக்கு எதிர்பார்க்கப்படுவதை எட்டிவிட்டாள் என்று பொருள். 725 முதல் 749 வரை மூன்றாம் நிலை, 700 முதல் 724 வரை இரண்டாம் நிலை. அவள் மூன்றாவது படித்தபோது ஆங்கிலத்தில் வாங்கியது 741. நான்காவதில் 722. கணிதத்தில் இரண்டு வருஷமும் 750-க்கு மேல்.

பெற்றோர் போர்ட்டலில் அந்த 722-ஐப் பார்த்ததும் என் கணவர், "போன வருஷம் தெரிஞ்சதுகூட இப்ப மறந்து போச்சா?" என்று கேட்டார். நிறையப் பேர் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இந்த அளவுகோல் ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியாகப் போடப்பட்டது. 741 என்பது மூன்றாம் வகுப்புப் பாடத்தை வைத்து அளந்தது, 722 நான்காம் வகுப்புப் பாடத்தை வைத்து அளந்தது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து 19 குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அவள் போன வருஷத்தைவிட நன்றாகவே வாசித்திருக்கலாம். பாடம் ஏறிய வேகத்துக்கு அவள் ஏறவில்லை என்பதை மட்டும்தான் இந்த எண் காட்டுகிறது. அது சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. ஆனால் மறந்துபோன பிள்ளைக்குச் செய்கிற வைத்தியம் வேறு, பின்தங்கும் பிள்ளைக்குச் செய்கிறது வேறு.

மொத்த மதிப்பெண்ணைவிட அதே தாளின் கீழ்ப்பகுதி எங்களுக்கு அதிகம் சொன்னது. வாசிப்பைக் கதை இலக்கியம், தகவல் கட்டுரை, சொல்வளம் என்று பிரித்திருப்பார்கள். எழுத்தும் தனியாக இருக்கும். அவளுக்குக் கதையில் குறை இல்லை. தகவல் கட்டுரையிலும் சொல்வளத்திலும்தான் விழுந்திருந்தாள். வீட்டில் கதைப் புத்தகங்களை மடமடவென்று முடிக்கிற பெண், எரிமலை பற்றிய இரண்டு பக்கக் கட்டுரையில் ஏன் தடுமாறுகிறாள் என்ற கேள்வி அப்போதுதான் எங்களுக்கு வந்தது. தாள் கிடைத்தால் முதலில் இந்தப் பகுதியைப் பாருங்கள். பள்ளியோடு பேச வேண்டியது எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அடுத்தது போர்டு கூட்டம். மாநிலத்திடமிருந்து முடிவுகள் கைக்கு வந்தால் 60 நாட்களுக்குள் டிஸ்ட்ரிக்டின் தலைமை அதிகாரியான சூப்பரின்டெண்டன்ட் அவற்றை போர்டு ஆஃப் எஜுகேஷன் என்ற பள்ளி நிர்வாகக் குழுவுக்கு அறிக்கையாகத் தர வேண்டும் என்பது நியூ ஜெர்சி விதி. பொதுமக்கள் உட்கார்ந்து கேட்கலாம், அவர்களும் பேசுவதற்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்பதும் சட்டம். எங்கள் ஊரில் ஆளுக்கு மூன்று நிமிடம். போர்டு உறுப்பினர்கள் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள்தான். பலருக்குப் பிள்ளைகள் இதே பள்ளியில் படிக்கிறார்கள். அவர்களைப் பார்த்துப் பயப்பட எதுவும் இல்லை. அன்றைக்குக் கூட்டம் நடந்த லைப்ரரிக்கு வந்திருந்த பெற்றோரை விரல் விட்டு எண்ணிவிடலாம். தமிழ்க் குடும்பம் என்று பார்த்தால் நாங்கள் மட்டும்தான். இது எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது. பக்கத்துத் தெருவிலேயே பிள்ளையை ட்யூஷனுக்கு இரவு வரை கூட்டிக்கொண்டு அலைகிற நம்மவர்கள் இருக்கிறார்கள். பள்ளி என்ன செய்கிறது என்று கேட்க அந்த ஒரு மணி நேரம் வந்து உட்காரலாம்.

ஸ்லைடுகள் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். வகுப்புவாரியாக நான்காம், ஐந்தாம் நிலையில் எத்தனை விழுக்காடு, மாநில சராசரி எவ்வளவு, போன வருஷம் எவ்வளவு. பச்சை அம்பு மேலே, சிவப்பு அம்பு கீழே. சின்ன டிஸ்ட்ரிக்டில் இந்த அம்புகளை நம்பி எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. ஒரு வகுப்பில் 25 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் 4 விழுக்காடு. 749 எடுத்த மூன்று பேர் 750 எடுத்திருந்தால் 12 விழுக்காடு உயர்வு, எல்லோரும் கை தட்டியிருப்பார்கள். அது போதாதென்று, போன வருஷ நான்காம் வகுப்பையும் இந்த வருஷ நான்காம் வகுப்பையும் ஒப்பிடுகிறார்கள். அவர்கள் வேறு பிள்ளைகள், இவர்கள் வேறு பிள்ளைகள். எட்டாம் வகுப்புக் கணிதத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. நன்றாகப் போடுகிற பிள்ளைகள் 'அல்ஜீப்ரா 1' என்ற பாடத்தை எடுத்து அந்தத் தேர்வை எழுதப் போய்விடுவதால், எட்டாம் வகுப்புத் தேர்வின் விழுக்காடு எப்போதும் தாழ்ந்தே தெரியும். யாராவது அதைப் பார்த்து எட்டாம் வகுப்பு ஆசிரியரைக் குறை சொன்னால் மனசு கொதிக்கிறது.

சில கட்டங்களில் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி இருந்தது. ஒரு பிரிவில் பத்துக்கும் குறைவான மாணவர்கள் இருந்தால் யார் என்று அடையாளம் தெரிந்துவிடும் என்பதால் மாநிலம் அதை வெளியிடுவதில்லை. அது நியாயமான காப்புதான். ஆனால் எங்களைப் போன்ற இடத்தில் ஸ்பெஷல் எஜுகேஷன், ஆங்கிலம் கற்கும் மாணவர்கள், குறைந்த வருமானக் குடும்பங்கள் என்று பல பிரிவுகள் நட்சத்திரத்துக்குள்ளேயே போய்விடுகின்றன. அதிகம் உதவி வேண்டிய பிள்ளைகள்தான் அந்த அட்டவணையில் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள்.

என் மூன்று நிமிடத்தில் எங்கள் மகளைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை. பொதுக் கூட்டத்தில் பிள்ளையின் பெயரும் மதிப்பெண்ணும் வரக்கூடாது. அது தனியாகப் பேச வேண்டியது. நான் கேட்டது இரண்டு. 2023-இல் மூன்றாவதில் இருந்த அதே பிள்ளைகள் 2024-இல் நான்காவதில் எப்படிச் செய்தார்கள் என்று ஒரு அட்டவணை போட முடியுமா? இரண்டாம் நிலையிலும் அதற்குக் கீழும் இருக்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் இப்போது ஏதாவது ஒரு உதவி வகுப்பில் இருக்கிறார்கள்?

முதல் கேள்விக்கு, அடுத்த அறிக்கையில் சேர்க்கிறோம் என்றார் சூப்பரின்டெண்டன்ட். இரண்டாவதற்கு அவர் நேர்மையாகவே பதில் சொன்னார். கோவிட் நிதியில் வைத்திருந்த பகுதிநேர உதவி ஆசிரியர் இப்போது இல்லை, வாசிப்புக்கென்று இருக்கிற ஒரே சிறப்பு ஆசிரியர், அதாவது ரீடிங் ஸ்பெஷலிஸ்ட், கீழ் வகுப்புகளுக்கே போதவில்லை என்றார். 2021-இல் வந்த அந்த மத்திய நிதியில் டிஸ்ட்ரிக்டின் பங்கில் 20 விழுக்காடாவது கற்றல் இழப்பை ஈடுகட்டச் செலவிட வேண்டும் என்று இருந்தது. அதற்கான கெடு 2024 செப்டம்பர் 30-உடன் முடிந்தது. 2020-இலும் 2021-இலும் வசந்த காலத்துத் தேர்வே நடக்கவில்லை. அந்த வருஷங்களில் கிண்டர்கார்டனிலும் ஒன்றாவதிலும் திரையைப் பார்த்து எழுத்துக் கற்றவர்கள்தான் அந்தக் கூட்டம் நடந்தபோது நான்கு, ஐந்தாம் வகுப்பில் இருந்தார்கள். பணம் நின்றுபோனாலும் அந்தப் பிள்ளைகளுக்குத் தேவை தீர்ந்திருக்கவில்லை.

மகளுக்காக மறுநாளே எழுதிக் கேட்டோம். எழுத்தில் கேட்பது முக்கியம். வகுப்பாசிரியரிடம் வாசலில் நின்று சொன்னால், "பார்த்துக்கறேன்" என்ற பதிலோடு போய்விடும். நியூ ஜெர்சியில் ஒவ்வொரு பள்ளிக் கட்டடத்திலும் ஐ அண்ட் ஆர்.எஸ். என்ற ஒரு குழு இருந்தாக வேண்டும். பொது வகுப்பில் இருக்கும் பிள்ளைக்குப் படிப்பிலோ நடத்தையிலோ சிரமம் என்றால் அந்தக் குழு கூடி, என்ன செய்வது, யார் செய்வது, எப்போது மறுபடி பார்ப்பது என்று ஒரு திட்டம் எழுத வேண்டும். பெற்றோரும் கேட்கலாம். பிள்ளையின் பதிவேடுகளைப் பார்க்கும் உரிமை 1974-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் மதிப்பெண் தாளோடு அவளுடைய எம்.ஏ.பி. தேர்வு விவரங்களையும் கேட்டு வாங்கினோம்.

இந்த எம்.ஏ.பி. பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல டிஸ்ட்ரிக்டுகளில் இலையுதிர் காலம், குளிர்காலம், வசந்தம் என்று கம்ப்யூட்டரில் வைக்கிறார்கள். பிள்ளை சொல்லும் பதிலைப் பொறுத்து அடுத்த கேள்வி கடினமாகவோ எளிதாகவோ வரும். அதில் வரும் 'ரிட்' என்ற மதிப்பெண், வகுப்பு மாறினாலும் ஒரே அளவுகோல். அறைக் கதவில் கோடு போட்டுப் பிள்ளையின் உயரம் பார்ப்போமே, அதுபோல. மூன்றாவதிலிருந்து அவள் கோடுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஏறியிருந்தாள். ஆனால் அவள் வயதுப் பிள்ளைகள் வழக்கமாக ஏறும் அளவுக்கு ஏறவில்லை. மாநிலத் தேர்வில் தெரிந்ததை இது வேறு வழியில் உறுதி செய்தது. இரண்டும் ஒரே பக்கம் காட்டியதால் குழுக் கூட்டத்தில் வாதம் செய்யவே தேவைப்படவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு ஆசிரியர், வீட்டில் ஆங்கிலத்தில் பேசினால் நல்லது என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் நான் ஏற்கவில்லை. மகள் கிண்டர்கார்டன் சேர்ந்தபோது வீட்டு மொழி தமிழ் என்று உண்மையைத்தான் எழுதினோம். அவளுக்கு ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் ஈ.எஸ்.எல். வகுப்பு கிடைத்தது, ஆங்கிலத் திறனை அளக்கும் ஆக்சஸ் தேர்வில் 4.5-க்கு மேல் எடுத்து வெளியே வந்தாள். சிலர் அந்தப் படிவத்தில் ஆங்கிலம் என்று எழுதச் சொல்லி அறிவுரை தருகிறார்கள். பிள்ளைக்குச் சேர வேண்டிய உதவியைத் தாமே தடுப்பது அது. ரீடிங் ஸ்பெஷலிஸ்ட் என் பக்கம் பேசினார். அவளை வாசிக்க வைத்துப் பார்த்ததில் எழுத்துக் கூட்டுவதிலும் வேகத்திலும் குறை இல்லை, "எனினும்", "இதன் விளைவாக" போன்ற இணைப்புச் சொற்களைத் தாண்டிப் போய்விடுகிறாள், அறிவியல் பாடத்தின் சொற்களை ஊகித்துக்கொண்டு நகர்கிறாள் என்றார். ஒரு பத்தியைப் படித்துவிட்டு வீட்டில் தமிழிலேயே திருப்பிச் சொல்லட்டும், புரிந்ததா என்று உடனே தெரிந்துவிடும் என்று அவரே சொன்னார். அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வீட்டில் பனிப்பாறை, தேனீ, ரயில் பாதை எல்லாம் தமிழில் வருகின்றன. ஊரிலிருந்து வீடியோவில் பேசும் அவள் தாத்தாவுக்கும் ஒரு கட்டுரை கிடைக்கிறது.

பள்ளியின் பங்காகக் கிடைத்தது பேசிக் ஸ்கில்ஸ், அதாவது அடிப்படைத் திறன்களுக்கான உதவி வகுப்பு. வாரத்தில் சில நாள், நாலைந்து பிள்ளைகளாகச் சேர்ந்து. திட்டம் எழுதும்போது கவனித்துக் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை நிமிடம், எந்தப் பாட நேரத்தில் வெளியே எடுக்கிறார்கள், நடத்துபவர் விடுப்பு எடுத்தால் யார் வருவார்கள், முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பார்கள். முதலில் அவளை அறிவியல் நேரத்தில் எடுப்பதாக இருந்தது. தகவல் கட்டுரையில் தடுமாறுகிற பிள்ளையை அறிவியலிலிருந்து எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம், மாற்றிக் கொடுத்தார்கள். ஒரே கட்டடம் என்பதால் அப்படி உடனே மாற்ற முடிந்தது. சின்ன டிஸ்ட்ரிக்டின் நல்லது இதுதான்.

எல்லோருக்கும் இந்த ஐ அண்ட் ஆர்.எஸ். குழு போதாது. எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்காவின் மகனுக்கு எழுத்துக் கூட்டுவதே சிரமம், இரண்டு திட்டம் போட்டும் நகரவில்லை. அவர், ஸ்பெஷல் எஜுகேஷன் தேவையா என்று பார்க்கும் சைல்டு ஸ்டடி டீமின் பரிசோதனை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அப்படி எழுதிக் கேட்டால் 20 நாட்களுக்குள் பள்ளி கூட்டம் வைத்து முடிவு சொல்ல வேண்டும். அதில் கோடை விடுமுறையைக் கழிக்க முடியாது. உளவியலாளர், கற்றல் குறைபாட்டு ஆசிரியர்–ஆலோசகர், சமூகப் பணியாளர் மூவரும் அந்தக் குழுவில் இருப்பார்கள். "பையன் மேல முத்திரை விழுந்துடுமோன்னு ரொம்ப நாள் தயங்கினேன் பா. நீ யாருக்காவது சொன்னா, தயங்காம கேக்கச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன்.

குளிர்கால எம்.ஏ.பி.யில் மகளின் கோடு அவள் வயதுக்கு வழக்கமான அளவைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஏறியிருந்தது. குழு மறுபடி கூடியபோது வகுப்பைத் தொடர முடிவானது. சொல்வளத்தில் இன்னும் வேலை இருக்கிறது.

அதற்குப் பிறகு எங்கள் கவனம் பட்ஜெட் பக்கம் போனது. கவர்னர் மாநில பட்ஜெட்டை வாசித்த சில நாட்களில் ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டுக்கும் எவ்வளவு மாநில உதவி என்று வெளியாகும். உள்ளூர்ச் சொத்து வரியைப் பொதுவாக வருஷத்துக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உதவி ஆசிரியர் பணியிடம் இருக்குமா இல்லையா என்பது தீர்மானமாகும். ஏப்ரல் கடைசியில் நடக்கும் பட்ஜெட் விசாரணைக் கூட்டத்துக்கு இந்த முறை அந்த அக்காவும் வந்தார், இன்னும் சில தமிழ், தெலுங்குக் குடும்பங்களும் வந்தன. ஒரு பகுதிநேர உதவி ஆசிரியர் பணியிடத்தை போர்டு பட்ஜெட்டில் சேர்த்தது. நாங்கள் கேட்டது முழுநேரம். அடுத்த அறிக்கையில் வருவதாகச் சொன்ன அதே பிள்ளைகளின் அட்டவணையும் வந்தது, உதவி வகுப்பில் இருப்பவர்களின் எண்ணிக்கையோடு. முழுநேரம் ஏன் வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் கேட்க அந்த அட்டவணையைத்தான் எடுத்துக்கொண்டு போகப் போகிறோம்.