ஆச்சியின் காது

போன ஞாயிற்றுக்கிழமை தோவாளையில் ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து பூக்கட்டிக் கொண்டிருந்தாள். மடியில் பிச்சி மொட்டு, விரலில் நார். 88 வயது. காதில் தொங்கிய கனத்த பாம்படத்தைக் கழற்றி எத்தனையோ வருடமாகிவிட்டது; ஆனால் வளர்த்த காது இன்னும் தோளைத் தொடுகிறது. போனை எடுத்து போர்ட்ரெய்ட் மோடில் ஒரு படம் எடுத்தேன். பின்னால் நின்ற முருங்கை பஞ்சாக மங்கிவிட்டது, ஆச்சி முகம் பளிச்சென்று இருந்தது. படத்தைக் காட்டினேன்.

"மக்கா, எனக்க காது எங்க?"

பெரிதாக்கிப் பார்த்தேன். வலது காதின் கீழ்ப்பாதி முருங்கையோடு கரைந்து போயிருந்தது. இடது காதின் வளையத்துக்குள் தெரிந்த சுவர் மட்டும் மங்காமல், கத்தரித்து ஒட்டியதுபோல் நின்றது.

நான் இருபது வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். பெரிய கேமராவில் பின்னணியை மங்க வைப்பது லென்ஸ். யார் காது எவ்வளவு நீளம் என்று அதற்குக் கவலையே கிடையாது. போனின் லென்ஸும் சென்சாரும் சின்னவை, அவ்வளவு மங்கல் தானாக வராது. அதனால் ஆள் எது, பின்னணி எது என்று மென்பொருள் கணக்குப் போட்டு, அப்புறம் மங்கலைப் பூசுகிறது. ஏராளமான படங்களைக் காட்டிப் பழக்கிய மென்பொருள் அது. அந்தப் படங்களில் வளர்த்த காது எத்தனை இருந்திருக்கும்?

போன் கேமரா மேல் எனக்குக் கோபம் இல்லை. இங்கே பூச்சந்தை விடியும் முன்பே களைகட்டிவிடும். அந்த இருட்டில் ட்ரைபாட் இல்லாமல் படம் எடுப்பது முன்பெல்லாம் பெரும்பாடு. 2018-ல் கூகுள் பிக்சல் போனில் இருட்டில் படம் எடுப்பதற்கான நைட் சைட் மோட் வந்தது. கையில் பிடித்தபடியே 15 படம் வரை எடுத்து, கை ஆட்டத்துக்கு ஏற்ப நகர்த்திப் பொருத்தி, ஒன்றாகச் சேர்த்துவிடும். 9 படம் சேர்ந்தால், இருட்டுப் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் நாய்ஸ் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். ஆரல்வாய்மொழிக் காற்றில் ஆடுகிற சரத்தில்தான் கொஞ்சம் திணறும். ஆனால் சேர்ந்தது எல்லாம் அங்கே விழுந்த வெளிச்சம்தான். மனதாரப் பாராட்டுகிறேன்.

எனக்குப் பயமெல்லாம் ஊகத்தில்தான். ஸ்டுடியோவில் சுருக்கத்தைத் தேய்க்கும்போது வாடிக்கையாளரிடம் கேட்டுத்தான் செய்வேன். போன் யாரிடமும் கேட்பதில்லை. பட்டனைத் தொடும்போதே முடிவெடுத்துவிடுகிறது. தனக்குப் பழகாத முகத்தைத் தெரிந்த முகம்போல ஆக்கிவிடுகிறது. எங்கள் வீட்டில் ஆச்சிக்குப் பிறகு யாரும் காது வளர்க்கவில்லை. நாளை பேரப்பிள்ளைகள் அந்தப் படத்தைத்தான் பார்ப்பார்கள்.

கல்யாண வேலைக்கு வருகிற தம்பிகளிடம் இப்போதெல்லாம் சொல்லிவிடுகிறேன்: போனில் எடுத்தால் மெருகேற்றாத மூலப் படமான ரா ஃபைலையும் சேர்த்து வை, முகத்தை மழமழப்பாக்கும் பியூட்டி மோடை அணை, மங்கல் வேண்டுமென்றால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சாதாரண மோடில் மறுபடி எடுத்தேன். ஆச்சி முடியை ஒதுக்கி, காதை வெயில் பக்கம் திருப்பிக் காட்டினாள். மடலின் ஓரத்தில் தையல்போல ஒரு பழைய தழும்பு; அதை அன்றைக்குத்தான் நானே பார்த்தேன். படத்தைப் பெரிய அளவில் பிரிண்ட் போடக் கொடுத்திருக்கிறேன். பின்னால் முருங்கை இலை ஒவ்வொன்றும் தெரிகிறது, கொடியில் காய்கிற துண்டும் தெரிகிறது. இருக்கட்டும்.