கட்டைவிரலுக்கு இரண்டு வேலை

ஜூன் 3, செவ்வாய்

சோனியின் கையடக்க கேம் கருவியான என் பழைய பிஎஸ்பிக்குப் புது பேட்டரி போட்டாயிற்று. பழையது உப்பிப்போய் மூடியையே வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. உயிர் வந்ததும் முதலில் போட்ட டிஸ்க் 'ட்விஸ்டட் மெட்டல்: ஹெட்-ஆன்'. 2005இல் அமெரிக்காவில் பிஎஸ்பி விற்பனைக்கு வந்தபோது கூடவே வந்த ஆட்டம். கதை ரொம்பச் சின்னது. காலிப்சோ என்றொருவன் போட்டி நடத்துகிறான். துப்பாக்கியும் ஏவுகணையும் பொருத்திய வண்டிகள் ஒன்றையொன்று அடித்து நொறுக்கும். கடைசியில் மிஞ்சுகிறவர் ஒரு வரம் கேட்கலாம். கேட்டது கிடைக்கும், ஆனால் ஏன்டா கேட்டோம் என்று ஆகிவிடும். பஸ்மாசுரன் கதை தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

யூஎம்டி, அதாவது பிஎஸ்பியின் குட்டி டிஸ்க், உள்ளே சுற்றும் அந்தக் கரகர சத்தத்தைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று! அதை ரசித்துக்கொண்டிருந்ததில் முதல் சண்டையில் இரண்டு நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

ஜூன் 4, புதன்

எல்லோருக்கும் தெரிந்த வண்டி ஸ்வீட் டூத், தலையில் தீ எரியும் கோமாளி ஓட்டும் ஐஸ்கிரீம் வண்டி. கைகளை இரண்டு பிரம்மாண்டச் சக்கரங்களில் மாட்டிக்கொண்டு நடுவில் நிற்கும் ஆக்ஸலும் உண்டு. பார்க்கவே பாவமாக இருக்கும். நான் எடுத்தது ஸ்பெக்டர். அதன் சிறப்பு ஆயுதம் ஒரு பேய் ஏவுகணை, சுவரை ஊடுருவிப் போய் அடிக்கும். கட்டடத்துக்குப் பின்னால் நின்றுகொண்டே அந்தப் பக்கம் போகிறவனைத் தாக்கலாம். கோழைகளுக்கென்றே செய்த வண்டி. எனக்குப் பொருத்தம்தான்.

ஜூன் 6, வெள்ளி

இன்று பிடிபட்ட விஷயம். என் தோல்விக்குக் காரணம் எதிரிகள் இல்லை, என் இடது கட்டைவிரல்.

பிஎஸ்பியில் இடது பக்கம் மேலே டி-பேட், அதாவது நாலு திசைப் பட்டன்கள். அதற்கு நேர் கீழே விரலால் நகர்த்தும் வட்டமான அனலாக் நப். நப்பில்தான் ஓட்டுகிறேன். ஆனால் எதிரியை உறைய வைக்க வேண்டுமென்றால் டி-பேடில் இடது, வலது, மேல் என்று சட்டென அடிக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே விரல். விரலை மேலே தூக்கிய அந்த அரை விநாடியில் வண்டிக்கு ஆளே இல்லை, நேராகப் போய் எதிலாவது முட்டுகிறது. அவசரத்தில் 'இடது, வலது' வரை அடித்துவிட்டுப் பயத்தில் நப்புக்குத் தாவிவிடுகிறேன். உறைவதும் இல்லை, திரும்புவதும் இல்லை.

கடைசியில் கண்டுபிடித்த வழி: முதலில் நேரான பாதையில் வண்டியை விட்டுவிட வேண்டும், அப்புறம்தான் விரலைத் தூக்க வேண்டும். வளைவில் கூடவே கூடாது. இருபது தடவை பழகிய பிறகு ஒருவன் பனிக்கட்டியாகி நின்றான். அவனை அடிக்க மறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 7, சனி

பாரிஸ் மைதானம். இன்னும் ஒரே ஒருவன்தான் பாக்கி, அவனும் சாகும் நிலையில். திடீரென்று எந்தப் பட்டனும் வேலை செய்யவில்லை. என் ஸ்பெக்டர் சாதுவாக நிற்கிறது, அவன் சாவகாசமாக வந்து சுட்டுவிட்டுப் போகிறான்.

புது பேட்டரியைத்தான் திட்டினேன். அப்புறம் பார்த்தால் வலது ஓரத்தில் இருக்கும் பவர் ஸ்விட்ச் கீழே இறங்கியிருக்கிறது. அதை மேலே தள்ளினால் தூக்கம், கீழே தள்ளினால் ஹோல்டு, எல்லாப் பட்டனும் பூட்டிக்கொள்ளும். இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கை தள்ளிவிட்டிருக்கிறது. சண்டை சூடாகும்போதுதான் இறுக்கிப் பிடிப்போம், அப்போதுதான் பூட்டும். என்ன நியாயம் இது.

ஜூன் 8, ஞாயிறு

விரல் வலி. விளையாடவில்லை.

ஜூன் 11, புதன்

ஓடக் கற்றுக்கொண்டேன். எதிரிகள் என்னை மட்டும் துரத்துவதில்லை, தங்களுக்குள்ளும் அடித்துக்கொள்கிறார்கள். அதனால் முதல் ஒன்றிரண்டு நிமிஷம் கைகலப்பிலிருந்து விலகி மைதானத்தின் ஓரமாகவே சுற்றுகிறேன், கிடைக்கிற ஏவுகணைகளைப் பொறுக்கிக்கொள்கிறேன். சிறப்பு ஆயுதம் தானாகவே நிரம்பும், அதற்கும் நேரம் வேண்டும். உயிர் கொடுக்கும் பொருள் எங்கே இருக்கிறது என்று தெரிந்தாலும் தொடுவதில்லை, வண்டி புகைய ஆரம்பிக்கட்டும்.

4.3 அங்குலத் திரையில் தூரத்து வண்டி ஒரு எறும்பு. அதனால் கண் பாதி நேரம் ராடார் புள்ளிகளில்தான். இன்று மூன்று மைதானம் தாண்டினேன். நடுவில் போன் வந்தது. ஸ்விட்சை மேலே தள்ளித் தூங்க வைத்தேன். திரும்பி வந்தால் என்னை நோக்கி வந்த ஏவுகணை அதே இடத்தில் அந்தரத்தில் காத்திருந்தது.

ஜூன் 14, சனி

தம்பி அவனுடைய பிஎஸ்பியையும் டிஸ்கையும் எடுத்துக்கொண்டு வந்தான். ஆறு பேர் வரை கம்பியில்லாமல் சேர்ந்து ஆடலாம், நாங்கள் இருவர்தான். அவன் ஆக்ஸல். முதல் இரண்டு ஆட்டத்திலும் என்னை மிதித்தே கொன்றான். ஓரமாக ஓடுகிற என் வித்தை ஒரே எதிரி இருக்கும்போது எடுபடவில்லை, அடித்துக்கொள்ள அவனுக்கு வேறு ஆள் இல்லையே.

மூன்றாவது ஆட்டத்தில் ஒரு நீண்ட நேர்பாதை கிடைத்தது. விரலைத் தூக்கினேன். இடது, வலது, மேல். ஆக்ஸல் அப்படியே உறைந்து நின்றது. இன்னும் இரண்டு தடவை அடித்தால் போதும், அவ்வளவுதான்.

இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று திரை சொன்னது. நிமிர்ந்து பார்த்தால் அவன் கை வலது ஓரத்தில்.

"தெரியாம கை பட்டுடுச்சுக்கா."