தேவாங்கு எண்ணப் போன வேலை

"தேவாங்கு மாதிரி முழிக்காதடா" என்று திட்டு வாங்காத பிள்ளை எங்கள் காரைக்குடிப் பக்கம் இருக்காது. எனக்கும் இருபத்தாறு வயது வரை அது வெறும் வசவுதான். ராத்திரியில் நடமாடும் அந்தச் சின்னப் பிராணியை, நிஜத் தேவாங்கைப் பார்த்தது, கடவூர் மலைக்குக் கணக்கெடுப்பில் தற்காலிக உதவியாளாகப் போனபோது.

அந்த மலையையும் சேர்த்து, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டை 2022 அக்டோபரில் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். ஊட்டி மாதிரி பச்சைப்பசேல் என்று நினைத்துவிட வேண்டாம். முள்ளும் உசிலையுமாக வறண்ட காடு. பகலில் பார்த்தால் வெறும் கரடு.

டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு, மரம் மரமாக வெளிச்சம் அடித்தபடி நடப்போம். எங்காவது தேவாங்கின் கண்கள் இரண்டு கங்கு போல ஜோடியாக மின்னும். வேலைக்குப் போன முதல் நாள் ராத்திரி அவசரத்தில் போன் லைட்டைப் போட்டுவிட்டேன். தேவாங்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளையோடு ஒட்டிக்கொண்டது. "எழுதிக்குங்க தம்பி. ஆனா பாவம், கொஞ்ச நேரத்துக்கு அதுக்குக் கண்ணு தெரியாது" என்றார் கூட வந்த காவலர் அண்ணன். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கால் கிலோ சொச்சம் எடை, வால் கிடையாது. பின்னங்கால்களால் கிளையைப் பிடித்து, உடம்பை நீட்டி, இரண்டு கையாலும் பூச்சியை லபக்கென்று பிடிக்கும். ஆனால் தாவத் தெரியாது. கிளையும் கிளையும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அடுத்த மரம். இல்லையென்றால் தரையில் இறங்க வேண்டும், அங்கே நாயும் வண்டியும். அதனால் மரங்களைவிட மரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைத்தான் நோட்டில் அதிகம் எழுதினோம். சம்பளம் மூன்று மாதத்துக்குச் சேர்த்து வந்தது. சரி, அது வேறு கதை.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன். முகப்பில் பர்மா தேக்குத் தூணில் சாய்ந்திருந்த ஐயா, "ராத்திரியெல்லாம் முழிச்சு இதையா எண்ணுற?" என்றார். 1972 வனவுயிர்ச் சட்டம், அதில் உச்சப் பாதுகாப்பு தரும் முதல் பட்டியல், மாந்திரீகத்துக்காகப் பிடிக்கிறவர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "வேட்டங்குடிக் கண்மாய்ப் பறவைக்காகக் கொள்ளுகுடிப்பட்டியில தீபாவளிக்கு வெடி போடமாட்டாங்களே, அந்தக் கணக்கா?" என்றார்.

"அதேதான் ஐயா."

உள்ளே வளவில் அப்பத்தா யாரையோ தேவாங்கு என்று திட்டுவது கேட்டது. ஐயா திரும்பிப் பார்த்தார். "இதையும் ஒண்ணு சேர்த்துக்க."