கடைப்பாத்தியும் சித்தப்பாவின்ர ஸ்கானும்

சித்தப்பாவுக்கு மூளையில கட்டி. பயொப்சியில கிளியோபிளாஸ்தோமா எண்ட பொல்லாத மூளைப் புற்றுநோய் எண்டு வந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. ஸ்கான் படத்தை யன்னல் வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தால் சுத்திவர வெள்ளை வளையம், நடுவில கறுப்பு. அந்த நடு ஒட்சிசன் கிடைக்காமல் செத்த இடம் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அதைக் கேட்டுட்டு மனுசன் என்னட்ட, "அப்ப பிள்ளை, காத்தில்லாட்டி மிச்சமும் தானாச் சாகுமோ?" எண்டார். ரியூசனில உயிரியல் படிப்பிக்கிறனான் எண்டு பேர், எனக்கு வாய் வரேல்லை.

பேந்து இருந்து கனக்க வாசிச்சன். அவர் உரும்பிராயில நாப்பது வருசம் வெங்காயம் செய்தவர், அதால அவற்ற பாசையிலயே சொல்லிப் பாத்தன். இறைக்கேக்க வாய்க்கால் கண்ட இடத்தில உடைஞ்சு ஒழுகினா கடைப்பாத்திக்குத் தண்ணி போகாதெல்லோ, கட்டியும் அப்பிடித்தான், அவதிப்பட்டு வளந்து ரத்தக்குழாயைத் தாறுமாறாப் போடும், அது வளைஞ்சு நெளிஞ்சு ஒழுகும், உள்ளுக்கு இருக்கிற கலங்களுக்கு ஒட்சிசன் போய்ச்சேராது. வெங்காயம் சாகும், கோரை சாகாது, கட்டிக்குள்ள மிஞ்சிற கலமும் அந்தக் கோரை மாதிரித்தான் எண்டன். "ஓமோம், கிழங்கு கீழ கிடக்கும்" எண்டார்.

கலத்துக்குள்ள ஹிஃப் எண்டு ஒரு புரதம் இருக்கு. ஒட்சிசன் இருந்தால் கலம் அதை உடனுக்குடன உடைச்சுப்போடும். குறைஞ்சால் அது உடைபடாமல் நிண்டு கனக்க ஜீன்களை எழுப்பிவிடும். கலம் ஒட்சிசனை எப்பிடி உணருது எண்டு கண்டுபிடிச்சதுக்குத்தான் 2019 இல கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூண்டு பேருக்கும் மருத்துவ நோபல். எழும்பின ஜீன்கள் செய்யிற வேலைதான் பொல்லாதது. சீனியை ஒட்சிசன் இல்லாமல் எரிக்க வைக்கும், அதால லக்ரிக் அமிலம் சேரும், அந்தப் புளிப்புக்குள்ள, நோயை எதிர்க்கிற எங்கட ரி கலங்கள் சோர்ந்துபோகும். அதோட கட்டிக் கலம் தன்ர மேல்பக்கத்தில பிடி-எல்1 எண்ட புரதத்தைக் கூட்டி, வாற ரி கலத்துக்குப் பிரேக் போடும். கட்டியைத் தின்ன வாற மக்ரோபேஜுகளையும் தன்ர பக்கம் இழுத்துப்போடும், கள்ளனைப் பிடிக்க வந்த பொலிஸ் கள்ளனுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்த கதைதான்.

றேடியேசனுக்கும் இதே கரைச்சல். கதிர் டிஎன்ஏயை உடைக்கேக்க பக்கத்தில ஒட்சிசன் இருந்தால்தான் அந்த உடைவு திருத்தேலாமல் நிலைக்கும். ஒட்சிசன் இல்லாத கலத்தைக் கொல்ல ரெண்டரை, மூண்டு மடங்கு கதிர் வேணும், அவ்வளவத்தை நல்ல மூளை தாங்காது.

இதுக்குள்ள கனடாவில இருக்கிற மச்சான், ஒட்சிசன் சிலிண்டர் வாங்கி வையுங்கோ எண்டு வட்ஸ்அப்பில வொய்ஸ் மேல வொய்ஸ். சித்தப்பாவின்ர விரலில மெசினை மாட்டினால் ரத்தத்தில ஒட்சிசன் 98 வீதம் எண்டு காட்டுது! கிணத்தில தண்ணி முட்ட நிக்குது, வாய்க்கால்தான் உடைவு, பிறகேன் சிலிண்டர்?

அப்ப வாய்க்காலைக் கட்டுற மருந்து இல்லையோ எண்டு சித்தப்பா கேட்டார். பெவாசிசுமாப் எண்டு ஒண்டு இருக்கு, புதுக் குழாய் வளர்ற சிக்னலை மறிக்கிறது. 2014 இல வந்த ரெண்டு பெரிய ஆய்விலயும் அது கட்டி வளர்றதைக் கொஞ்ச மாசம் பிந்தவைச்சதே தவிர ஆயுளைக் கூட்டேல்லை. ரி கலத்தின்ர பிரேக்கைக் கழட்டுற நிவோலுமாபும் திரும்பி வந்த கட்டியில அதைவிட நல்லாச் செய்யேல்லை. எல்லாப் பழியையும் ஒட்சிசனில போடேலாது, மூளை வீக்கத்துக்கு அவர் காலமை விழுங்கிற டெக்சாமெதசோனே நிர்ப்பீடனத்தை, அதாவது நோயெதிர்ப்பை, அடக்கிற மருந்துதான், அதை நிப்பாட்டினால் தலையிடியில துடிப்பார். ஆயுள் விசயத்தை மட்டும் அவருக்குச் சொல்லேல்லை, கட்டுற மருந்து இருக்கு ஆனால் பெரிசா வேலை செய்யிறேல்லையாம் எண்டு மழுப்பிட்டன்.

"அப்ப கிழங்கோட கிண்டத்தான் வேணும்" எண்டார். ஒப்பரேசனில முழுசா எடுக்கேலாமல் கொஞ்சத்தை விட்டவை, அது அவருக்கும் தெரியும். நாளைக்கு 19 ஆவது றேடியேசன், விடிய ஆறரைக்கு வான் வரும். சித்திக்கு இண்டைக்கு ஏலாது, நான்தான் கூடப் போறன்.