ரெக்கார்டு பிளேயரை வித்துடலாமா?

டொரன்டோல, ஸ்கார்பரோ பக்கம் இருந்த வாடகை பேஸ்மென்ட்லேர்ந்து இந்த கண்டோவுக்கு, அதாவது சொந்த அடுக்குமாடி வீட்டுக்கு மாறினப்போ சோபா வர்றதுக்கு முன்னாடியே டர்ன்டேபிள் வந்துடுச்சு. ஆடியோ டெக்னிகா எல்பி120, கூட ஒரு ஜோடி ஸ்பீக்கர். பேஸ்மென்ட்ல இருக்கற வரைக்கும் எது வாங்கினாலும் இதையும் தூக்கிட்டு அலையணுமேன்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு ஓடும், கனடால நிரந்தரமா இருக்கறதுக்கான பிஆர் கார்டு வந்து வீட்டு சாவியும் கைக்கு வந்ததும் அந்த கணக்கெல்லாம் காணாம போச்சு, நல்லா வெயிட்டா, அவசியமே இல்லாத ஒண்ணை வாங்கியே ஆகணும்னு ஒரு வெறி. இப்ப அதோட மூடி மேல துவைச்ச துணி மடிச்சு வைக்கறோம்.

தட்டெல்லாம் திருச்சி வீட்லேர்ந்து பெட்டில வந்தது. பெரியப்பா சேத்தது, எச்எம்வி, எக்கோ லேபிள் போட்ட பெரிய எல்பி தட்டுங்க, கொஞ்சம் சின்ன 45 தட்டுங்க. அவரோட பழைய பிளேயரையும் தூக்கிட்டு வரலாம்னுதான் இருந்தேன், ஆபீஸ்ல கூட வேலை பாக்கற ஒருத்தர் தடுத்துட்டார். அந்த மாதிரி பழசுல ஏசி மோட்டார், அது கரண்டோட ஹெர்ட்ஸ, அதாவது கரண்ட் ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை மாறி மாறி ஓடுதுங்கறத வச்சுதான் சுத்தும். நம்மூர்ல 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ், இங்க 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மர் மாட்டினா வோல்ட் சரியாயிடும், ஹெர்ட்ஸ் அப்படியேதான் இருக்கும், நிமிஷத்துக்கு 33 சுத்து சுத்த வேண்டிய தட்டு 40 சுத்து சுத்தும், டிஎம்எஸ் குரல் சின்னப்பையன் குரலாயிடும்னார். அதனாலதான் இங்கயே புதுசு வாங்கினது.

முதல் வருஷம் நல்லாதான் ஓடுச்சு. அப்புறம் பாப்பா பொறந்தா. ஒரு பக்கம் 20 நிமிஷம் கூட ஓடாது, எழுந்து போய் திருப்பிப் போடணும், குழந்தையை மடில தூங்க வச்சிட்டு யார் எழுந்திருக்கறது? ஸ்பீக்கர்ல பேஸ் கொஞ்சம் கூடினா பக்கத்து வீட்ல சுவத்தை தட்டுவாங்க. குளிர்காலம் இன்னும் மோசம், ஹீட்டர் போட்டு போட்டு வீட்டுக் காத்து வறண்டு போய், கவர்லேர்ந்து தட்டை உருவும்போதே ஸ்டாட்டிக் சடசடங்கும், தூசியெல்லாம் ஓடி வந்து ஒட்டிக்கும், பிரஷ் போட்டு தேச்சாலும் பாட்டுக்கு நடுவுல பட்டு பட்டுனு சத்தம். நான் இப்ப பாட்டு கேக்கறது பூரா 401 ஹைவே டிராபிக்ல, போன்லேர்ந்து.

வீட்டுக்காரம்மா ரொம்ப நாளாவே சொல்றா, "ஒண்ணு போடுங்க, இல்ல வித்துடுங்க, நடு ஹால்ல துணி ஸ்டாண்டா எதுக்கு". ஐக்கியா கல்லாக்ஸ் அலமாரில ஒரு கட்டம் 33 சென்டிமீட்டர், எல்பி கவர் கச்சிதமா உக்காரும், ஆனா பாப்பாவோட பொம்மை கூடையும் அதே அளவுதான்.

நானும் பழசு வாங்கி விக்கற கிஜிஜி சைட்ல விலை பாத்தேன். 300 டாலர் போட்டிருக்கற பிளேயரை 150க்கு கேக்கறான், அதுவும் வீட்டுக்கு கொண்டு வந்து தரணுமாம். ஸ்பெடைனா பக்கம் ஒரு ரெக்கார்டு கடைல தமிழ் தட்டெல்லாம் எடுப்பீங்களான்னு விசாரிச்சா, அழகா சிரிச்சுட்டு கவர் டிசைன் நல்லா இருக்குங்கறாங்க. அவ்ளோதான். அப்பதான் எனக்கு உறைச்சது, இது ரெண்டும் வேற வேற விஷயம். பிளேயர் எப்ப வேணா கிடைக்கும், இந்த ஊர்ல டிசம்பர் வந்தா தள்ளுபடில கூட வாங்கலாம். தட்டு போனா போனதுதான்.

ஆனா பிளேயர் இல்லாம தட்டை மட்டும் வச்சுக்கறதுன்னா அது வெறும் அட்டைதானேன்னு ஒரு உறுத்தல். பெத்தவங்க வந்து ரொம்ப நாள் தங்கறதுக்கு தர்ற சூப்பர் விசால அப்பா வேற வர்றார், வந்து பாத்து என்ன நினைப்பாரோன்னு போன்ல இழுத்து இழுத்து கேட்டேன். "அட வித்துடுறா, எனக்கு யூடியூப் போதும். எங்கண்ணன் என்னை அந்த பெட்டியை தொடவே விட்டதில்ல, நான் எங்க கேட்டேன்" அப்டீன்னுட்டார். இவ்ளோ நாளா அப்பாவுக்காகன்னு நானா நினைச்சு காப்பாத்திட்டு இருந்திருக்கேன்!

சரி, பிளேயரை விக்கறதுன்னு முடிவு. அதுக்கு முன்னாடி ஒரு வேலை. நம்ம பிளேயர்ல யூஎஸ்பி இருக்கு, லேப்டாப்ல மாட்டி ஆடாசிட்டில ரெக்கார்ட் பண்ணிக்கலாம், சாஃப்ட்வேர் இலவசம்தான், ஆனா தட்டு ஓடற நேரம் முழுக்க உக்காந்தே ஆகணும். ஆன்லைன்ல கிடைக்கற பாட்டையெல்லாம் விட்டுட்டு, எங்க தேடியும் கிடைக்காத சில கச்சேரி, நாடகத் தட்டு மட்டும் எடுத்துட்டு இருக்கேன். வேடிக்கை என்னன்னா இப்பதான் தினமும் ராத்திரி அது ஓடுது, துணியெல்லாம் வேற இடத்துக்கு போயிடுச்சு, வீட்டுக்காரம்மாவே "அந்த நாடகத்தை முடிச்சுட்டு படுக்கலாம்"ங்கறா. அதுக்காக முடிவை மாத்தப் போறதில்ல. ஏப்ரல்ல விளம்பரம் போடறேன், 280 டாலர், ஸ்பீக்கர் சேத்து கொஞ்சம் கூட, நேர்ல வந்து ஓட்டிப் பாத்து எடுத்துட்டு போறவங்களுக்கு மட்டும். ஸ்கார்பரோ பக்கம் யாராவது தமிழ் ஆளு கேட்டா இருபது முப்பது குறைச்சுக்கலாம்.