பசலியோடு 590 ஏன் கூட்டுகிறோம்?

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் பரணில் கிடக்கும் பழைய கிஸ்தி (நிலவரி) ரசீதில் 'பசலி 1380' என்று இருந்தால் 590 கூட்டுங்கள், ஆங்கில வருஷம் 1970 வரும். பசலி என்பது நிலவரிக் கணக்குக்கான ஆண்டு. ஆனால் அது ஜூலை 1-ல் பிறந்து ஜூன் 30-ல் முடிவது. ஆகவே அந்தப் பசலியின் தை அறுவடை 1971. ஜனவரி முதல் ஜூன் வரையான தேதிக்கு 591 கூட்ட வேண்டும். இதை மறந்தால் அடங்கலை (கிராமப் பயிர்க் கணக்கை) படிக்கும்போது ஒரு வருஷம் பிசகும். குறுவையில் இன்னும் கவனம் வேண்டும்: ஜூனில் விட்ட நாற்று ஒரு பசலி, அறுப்பு அடுத்த பசலி.

அந்த 590 முகலாய அரசியல் விட்டுப்போன தடம்.

ஹிஜ்ரி என்ற இஸ்லாமியச் சந்திர ஆண்டுக்கு 354 நாள். பயிரோ சூரியனைப் பார்த்து விளைவது. வருஷத்துக்கு 11 நாள் நழுவும். அந்த ஆண்டை வைத்து வரி கேட்டால், அறுத்துப் போரடித்த பிறகு வந்த வரித் தவணை, பதினாறு வருஷத்தில் ஆறு மாதம் முன்னே வந்துவிடும். 32 விளைச்சலுக்கு 33 வருஷ வரி கேட்கப்படும். இது குடியானவனுக்குச் செய்யும் பெரும் அநியாயம்.

பீஜப்பூர் சுல்தான் முதலாம் அலி ஆதில் ஷா 1580-ல் கொல்லப்பட்டார். அங்கிருந்த அறிஞர் ஃபத்துல்லா ஷீராஸி 1583-ல் அக்பரிடம் வந்தார். மறுவருஷமே, சமர்க்கந்தில் உலுக் பேக் தயாரித்த வானியல் அட்டவணைகளை வைத்து 'இலாஹி' என்ற சூரிய ஆண்டை வகுத்துக் கொடுத்தார். 1585-ல் அக்பரின் வருவாய் அமைச்சர் தோடர்மாலோடு வருவாய்க் கணக்கையும் பார்த்தார். வானியல் தெரிந்தவர் வரிக் கணக்கில் உட்கார்ந்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இலாஹி அக்பர் பட்டமேறிய 1556-லிருந்து எண்ணப்பட்டது; பெயரிலேயே அவருடைய சமயக் கொள்கையின் சாயல். ஷாஜகான் ஹிஜ்ரிக்கே முதலிடம் தந்தார், ஔரங்கசீப் நவ்ரோஸ் என்ற சூரியப் புத்தாண்டு விழாவையே நிறுத்தினார். கணக்கில் குற்றமில்லை, பெயர்தான் அதற்குப் பகையானது.

பசலி என்றால் அறுவடை, அவ்வளவே. அதில் யாருக்கும் பிணக்கில்லை. வடக்கே அக்பர் பட்டமேறிய ஹிஜ்ரி 963-ஐ அப்படியே எடுத்துக்கொண்டு, அங்கிருந்து சூரிய ஆண்டாக எண்ணினார்கள்: 1556-லிருந்து 963 போனால் 593. தக்காணத்தில் ஷாஜகான் 1636-ல் பசலியைத் தொடங்கியபோது ஹிஜ்ரி 1046 ஆகியிருந்தது. சூரியன் 80 வருஷம் நடந்ததற்குள் ஹிஜ்ரி எண் 83 ஏறிவிட்டது. நமக்கு 590 ஆனது அதனால்தான். வடநாட்டுப் பத்திரத்தை இந்த எண்ணால் படித்தால் மூன்று வருஷம் பின்னே போய்விடும்.

சென்னை மாகாணத்தில் ஆடி முதல் தேதியை ஒட்டிப் பிறந்த பசலியை 1855-ல் ஜூலை 1-க்கு மாற்றினார்கள். தாலுகா ஆபீஸில் ஜமாபந்தி என்ற வருஷாந்தரக் கணக்குத் தணிக்கை நடப்பது இந்தக் கணக்கை முடிக்கத்தான். 2025 ஜூலையில் பிறந்தது பசலி 1435.