முகாம் முடிந்த பிறகுதான் அலைச்சலே தொடங்கியது

மேலத்தெரு மதினியின் பயாப்ஸி (சதை எடுத்துப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட் போன வியாழக்கிழமை கைக்கு வந்தது. எங்கள் மகளிர் குழு வைத்த கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனை முகாமுக்கு அவர் வந்து 78 நாள் ஆகிவிட்டது. அந்த ஒரு காகிதத்துக்காக 5 தடவை பஸ் ஏறியிருக்கிறோம். எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் வேறு ஊர்களில் மகளிர் குழு நடத்துகிறவர்களுக்கு உதவும் என்பதால், சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நான் இதில் இறங்கியதற்குக் காரணம் என் மாமியார். தீட்டு நின்று 6 வருஷம் கழித்து அவருக்கு மறுபடி ரத்தம் பட்டது. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, துணியை ராத்திரியில் துவைத்து மாட்டுக்கொட்டகைக்குள் காயப்போட்டிருக்கிறார். ஒரே வீட்டில் இருந்த எனக்கே தெரியவில்லை. தெரிந்து கூட்டிக்கொண்டு போனபோது கர்ப்பப்பை வாயைத் தாண்டிப் பரவிவிட்டது. கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைத்தார்கள். 8 மாதம் இருந்தார்.

முகாமுக்கு அனுமதி, நர்ஸ், கருவி எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரே வாரத்தில் ஏற்பாடாகிவிட்டது. அதில் குறை ஒன்றும் இல்லை. முதல் முகாமைக் கெடுத்தது நாங்கள்தான். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, 'கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனை முகாம், அனைவரும் வாரீர்' என்று தெருத்தெருவாகச் சொல்லிவிட்டோம். டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஆம்பளைகள் முன்னால் அந்த அறிவிப்பைக் கேட்ட பிறகு எந்தப் பெண் அந்த வாசலுக்கு வருவாள்? இடம் பள்ளிக்கூட வகுப்பறை, ஜன்னலுக்குத் திரை கிடையாது. நேரம் காலை 10 மணி, பாதிப் பேர் நூறு நாள் வேலையில் இருந்தார்கள். வந்தது 11 பேர். அதிலும் 3 பேருக்கு அன்றைக்கு மாதவிடாய் என்று நர்ஸ் திருப்பி அனுப்பிவிட்டார். ரத்தம் படுகிற நாளில் இந்தச் சோதனை செய்ய முடியாது என்பதை நாங்கள் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் நடத்தினால் ஒரே தேதி வைக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளியில் இரண்டு தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை 'புற்றுநோய்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'பெண்கள் நல முகாம்' என்று போடலாம் என்றார்கள் குழுவில். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் சொல்லை வாயில் எடுக்கவே பயந்த வீட்டில்தான் என் மாமியாரைப் பறிகொடுத்தோம். ஒலிபெருக்கியை மட்டும் விட்டுவிட்டு, கிராம சுகாதார செவிலியரைக் கூட்டிக்கொண்டு நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க் கரைக்கே போனோம். வேப்பமர நிழலில் டீ குடிக்கிற நேரம், ஆம்பளைகள் அந்தப் பக்கம். செவிலியர் ஒரு சொம்பைத் தலைகீழாகக் கவிழ்த்து, "இதான் கர்ப்பப்பை, இதான் அதோட வாய்" என்று ஆரம்பித்தார். எச்.பி.வி. என்ற கிருமி தாம்பத்தியத்தில் தொற்றுவது, பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வருஷத்தில் தானாகவே போய்விடுவது, சிலருக்கு மட்டும் தங்கிக் கோளாறாகி, அது புற்றாக மாறப் பத்துப் பதினைந்து வருஷம்கூட ஆவது, அந்த இடைவெளியில் பிடித்துவிட்டால் கர்ப்பப்பையை எடுக்காமலே சரிசெய்ய முடிவது என்று எல்லாவற்றையும் அந்தச் சொம்பை வைத்தே சொல்லிவிட்டார். சோதனையும் அப்படித்தான். "ஃப்ரைட் ரைஸ் கடையில மேசை மேல வினிகர் இருக்குமில்ல, அது மாதிரிதான். பஞ்சுல தொட்டு வாயில வச்சு ஒரு நிமிசம் பார்ப்போம். கோளாறு இருக்கிற எடம் வெள்ளையாத் தெரியும்."

கேள்விகள் அதன் பிறகுதான் வந்தன. "எனக்கு ஒண்ணுமே இல்லையே, எதுக்குப் பாக்கணும்?" என்பதைப் பத்துப் பேராவது கேட்டார்கள். ஒண்ணும் இல்லாதபோது பார்ப்பதற்குத்தான் இந்தச் சோதனை என்பது அவர்கள் மனதில் ஏறுவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. பூக்காரப் பெரியம்மா கேட்டது வேறு: "அவரு போயிப் பன்னெண்டு வருசமாச்சு, எனக்கு எதுக்குத்தா இதெல்லாம்?" கிருமி அத்தனை வருஷம் கழித்தும் வேலையைக் காட்டும் என்று செவிலியர் சொன்னதும் கூட்டமே அமைதியாகிவிட்டது. எங்கள் கரையில் பாதிப் பேர் கைம்பெண்கள்.

சுகாதார நிலையத்து டாக்டரம்மா ஒரு நாள் வந்து, இந்த வினிகர் சோதனைக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள தொடர்பைச் சொன்னார். திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 2000ஆம் ஆண்டு தொடங்கி, 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற நர்ஸ்களே இதைச் செய்திருக்கிறார்கள். சோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றுநோயால் ஏற்பட்ட சாவு, நடக்காத ஊர்களைவிட 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் முடிவு வெளியானது. அதே வருஷம் தேனியிலும் தஞ்சாவூரிலும் அரசு இதை முன்னோடியாகத் தொடங்கியதாம். நம்மைப் போலக் கூலி வேலைக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள் வந்து படுத்ததால்தான் இது உலகத்துக்கே தெரிந்தது என்றார். அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டாவது முகாம் துணை சுகாதார நிலையத்தில், வேலை முடிந்து குளித்துவிட்டு வருகிற மாதிரி மதியம் இரண்டரைக்கு. கதவு, திரை, உள்ளே பெண்கள் மட்டும். 46 பேர் வந்தார்கள். பூக்காரப் பெரியம்மாவையும் இன்னொருவரையும், தீட்டு நின்று ரொம்ப வருஷமானதால் பார்க்க வேண்டிய இடம் உள்ளே போய்விட்டது, வினிகரில் தெரியாது என்று சொல்லி, கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்து லேபில் பார்க்கும் பாப் ஸ்மியருக்கு எழுதினார்கள். இதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் 'என்னைப் பார்க்காம அனுப்பிட்டாக' என்ற வருத்தம் தங்கிவிடும்.

மேலத்தெரு மதினி, கீழத்தெரு அக்கா, இன்னொருவர் என்று 3 பேருக்கு வெள்ளை தெரிந்தது. சீட்டு எழுதிக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரியில் கால்போஸ்கோப்பி (அந்த இடத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது) பார்க்கச் சொன்னார்கள். எங்கள் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

முதல் பயணம் புதன்கிழமை. இரண்டு பஸ் மாறி, 3 பேர் கூலியை விட்டுவிட்டுப் போனால், கால்போஸ்கோப்பி செவ்வாயும் வெள்ளியும்தான் என்றார்கள். சீட்டில் அது எழுதியிருக்கவில்லை. அடுத்த செவ்வாய் போனோம். சீட்டில் முத்திரை இல்லை, வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று கவுண்ட்டரில் சொல்லிவிட்டார்கள். போன் பண்ணிக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன், நடக்கவில்லை. அது கூடப் பரவாயில்லை. அந்த ஊழியர் பக்கத்து ஜன்னலைப் பார்த்து, "மூணு பாசிட்டிவ் கேஸ் வந்திருக்கு, சீல் இல்ல" என்று சத்தம் போட்டுச் சொன்னார். வரிசையில் எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் நின்றிருந்தார்.

ஊரில் பாசிட்டிவ் என்றால் இரண்டுதான்: ஒன்று கொரோனா, இன்னொன்று எய்ட்ஸ். நாங்கள் வந்து இறங்குவதற்குள் பேச்சு கீழத்தெரு வரை போய்விட்டது. கீழத்தெரு அக்காவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். அவரையும் சேர்த்துப் பேசிவிட்டார்கள். அக்கா கதவைச் சாத்திக்கொண்டார். நான் மூன்று நாள் போய் வாசலில் நின்றேன், "எனக்கு ஒண்ணும் வேணாம், நீ போ" என்ற குரல் மட்டும் உள்ளேயிருந்து வந்தது. கண்மாய்க் கரையில் ஒரு மாதம் பேசிச் சேர்த்த நம்பிக்கையை ஒரு சொல் ஒரு மணி நேரத்தில் அழித்துவிட்டது. இனிமேல் நாங்கள் 'வெள்ளை தெரிஞ்சிருக்கு' என்று மட்டும்தான் சொல்கிறோம். செவிலியரிடமும் அப்படியே சொல்லச் சொல்லிவிட்டேன்.

மூன்றாவது பயணத்தில் வேலை நடந்தது. உள்ளே இருந்த டாக்டர் பொறுமையாகப் பார்த்தார். ஒருவருக்கு வெறும் புண்தான், மாத்திரையோடு முடிந்தது. மதினிக்குச் சின்னதாகச் சதை எடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து ரிப்போர்ட் வாங்கப் போனோம். அந்தப் பெயரில் ஒன்றும் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மதினி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இன்ஷியல். எங்கள் சீட்டில் அப்பா பெயரின் எழுத்து, ஆதாரில் வீட்டுக்காரர் பெயர், காப்பீட்டு அட்டையில் இன்னொரு எழுத்துப் பிழை. ஒரே மனுஷி மூன்று பேராக இருந்திருக்கிறார். ஐந்தாவது தடவை கிளம்புவதற்கு முன்னால் என் போனைத் துழாவினேன். சதை எடுத்த அன்றைக்கு லேபுக்குப் போன விண்ணப்பத்தை எதற்கோ படம் பிடித்து வைத்திருந்தேன். அதன் மூலையில் பேனாவால் ஒரு எண். அதைக் காட்டியதும் லேப் தம்பி பெரிய நோட்டைப் புரட்டி, 2 நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டார். அந்தப் பையன் நன்றாக இருக்கட்டும். நீங்களும் லேப் எண்ணைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். சீட்டு எழுதும்போதே ஆதாரில் உள்ளபடி பெயர், முத்திரை, கால்போஸ்கோப்பி நடக்கும் கிழமை, இந்த மூன்றையும் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். முகாமுக்குத் தேதி குறிப்பதற்கு முன்னாலேயே ஒருவர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் எந்த அறை, யாரைப் பார்க்கணும் என்று விசாரித்து வந்துவிட வேண்டும். நாங்கள் அப்படிப் போகாததால் மதினிக்குப் பல நாள் கூலி போய்விட்டது.

ரிப்போர்ட்டில் சி.ஐ.என். 2 என்று இருந்தது. புற்று இல்லை, அதற்கு முந்தின நிலை என்றார் டாக்டர். மின்சாரம் பாய்கிற மெல்லிய கம்பி வளையத்தால் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடலாம், மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வோம், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார். மதினி அதை மூன்று தடவை திரும்பச் சொல்லச் சொன்னார்.

அன்று சாயங்காலம் மதினி வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே கீழத்தெருவுக்கு நடந்து, அக்கா வீட்டுக் கதவைத் தட்டி, "ஏத்தா, நானும் நீயும் ஒரே சீட்டுத்தான். இங்க பாரு, இதுல எய்ட்ஸும் இல்ல ஒண்ணும் இல்ல" என்று ரிப்போர்ட்டை ஜன்னல் வழியாக நீட்டினார். இருவருக்கும் எழுத்து அவ்வளவாக வராது. அக்காவின் மகள் வந்து வாசித்துக் காட்டினாள்.

வரும் செவ்வாய் 6.10 பஸ்ஸுக்கு மூன்று பேரும் போகிறோம். மதினிக்குச் சிகிச்சை, அக்காவுக்குக் கால்போஸ்கோப்பி. அக்காவின் சீட்டில் முத்திரை வாங்கிவிட்டேன். பெயரையும் ஆதாரில் உள்ளபடி திருத்தி வைத்திருக்கிறேன்.